ஸ்டார்ட் பட்டன் இன்மைச் சான்றிதழ்

இணைய இணைப்புக் கொடுக்கும் அகலக்கற்றைக் கழகத்தின் விதிகளின்படி முத்துவேல் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பெரம்பலூர் துறைமங்கலத்தில் அவன் வீட்டு முன்னறை மேசையில், மலர்கொடி தைத்துப் போட்ட பூப்போட்ட உறையைப் போர்த்திக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது உண்மைதான். அதற்குள் மின்சாரம் ஓடியது, விசிறி சுற்றியது, போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப்பொட்டின் கறைகூட நெற்றியில் இருந்தது. ஆனாலும் அது கம்ப்யூட்டர் இல்லை என்று கழகம் தீர்மானித்துவிட்டது. கழகம் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால், அப்புறம் அந்தப் பொருள்தான் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

முத்துவேல் குன்னம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். அவன் மனைவி மலர்கொடியும் டீச்சர்தான். ஆனால் அவளுக்குப் போட்ட ஊர் பென்னாகரத்தையும் தாண்டி மலையடியில் இருந்தது. ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் புருஷனிடமிருந்து பிரித்து வைப்பது ஊர் வழக்கம். கல்வித்துறைக்கு எல்லா மாதமும் ஆடிதான். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஆத்தூர் வழியாக நாலு பஸ் மாறி வந்து சேருவாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கை காய்வதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் குடித்தனம்.

இரண்டாயிரத்து ஏழில்தான் ஒரு வழி பிறந்தது. பெரம்பலூரை ஒட்டிய எறையூர்ப் பக்கம் வேலை பார்த்த பரிமளா டீச்சருக்குச் சொந்த ஊர் தருமபுரி. மலர்கொடி இங்கே வர வேண்டும், அவர் அங்கே போக வேண்டும். மனமொத்த மாறுதல் என்று அதற்குப் பெயர். இரண்டு மனமும் ஒத்தன. மேலே இருந்தவர்களும் தலையை ஆட்டிவிட்டார்கள். ஆடிக் கடைசி வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் விண்ணப்பம் போட வேண்டியது ஒன்றுதான் பாக்கி. பரிமளா டீச்சர் போட்டுவிட்டார். சாமி வரம் கொடுத்தாகிவிட்டது, இனிப் பூசாரி கொடுக்க வேண்டும்.

பிரவுசிங் சென்டரில் போய்ப் போட்டுவிட்டு வரக்கூடாதா என்றால், கூடாது. போன வருடம் யாரோ விளையாட்டாக ஒரு பி.டி. மாஸ்டரை ஊட்டிக்கு மாற்றிவிட்டார்களாம். அவரும் போய், ஒரு ஸ்வெட்டர் வாங்கி, அங்கேயே பிடித்துப்போய் உட்கார்ந்துவிட்டாராம். அதனால் இந்த வருடம் ஆசிரியர் தன் பெயரிலோ துணையின் பெயரிலோ உள்ள வீட்டு இணைப்பிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று உத்தரவு. மலர்கொடி இருந்த ஊரில் செல்போன் சிக்னலுக்கே பள்ளிக்கூடத்துத் தண்ணித் தொட்டி மேல் ஏற வேண்டும். ஆகவே எல்லாம் துறைமங்கலம் வீட்டையும் அந்த மேசையையும் நம்பி நின்றது.

அந்த மேசைக் கம்ப்யூட்டரை ஓட்டியது லினக்ஸ் என்ற இயங்குதளம். முன்பு எல்லோரையும் போலத்தான் அவனும் ஸ்டார்ட் பட்டன் உள்ள வேறொன்று வைத்திருந்தான். யாரோ கொண்டுவந்த பென் டிரைவ் வழியாக வைரஸ் புகுந்து பிளஸ் டூ அரையாண்டு மதிப்பெண்களை முழுசாகத் தின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் பாஸ். மறுநாளே முத்துவேல் லினக்ஸுக்கு மாறினான். வைரஸ் வரவில்லை. தமிழிலேயே மெனு காட்டியது. ஒரு குறையும் இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது, கழகம் பழைய மோடத்தைப் பிடுங்கிக்கொண்டு புது மோடம் கொடுக்கும் வரைக்கும்.

புது மோடம் வந்த அன்றிலிருந்து பக்கம் திறக்கவில்லை. மோடத்தில் விளக்கெல்லாம் கோயில் திருவிழா மாதிரி எரிந்தது. கறுப்புத் திரையில் ‘இருக்கிறாயா’ என்று பிங் அடித்தால் எங்கோ இருக்கிற வெளிநாட்டிலிருந்து உடனே பதில் வந்தது. மெயில் வந்தது, போனது. பிரவுசரில் முகவரியை அடித்தால் மட்டும் கீழே ஓரமாக ‘தேடுகிறது’ என்று எழுதிவிட்டு அது தேடிக்கொண்டே இருந்தது. முத்துவேல் குளித்துவிட்டு வந்தான், தேடியது. சோறு வடித்தான், தேடியது. பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து பார்த்தான், தேடி முடித்துக் களைத்துப்போய் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதி வைத்திருந்தது.

கழகத்தின் சேவை எண்ணுக்குப் போன் போட்டான்.

“வணக்கம், அகலக்கற்றைக் கழகம். உங்கள் மகிழ்ச்சியே எங்கள் வேகம். சொல்லுங்க சார்.”

சொன்னான்.

“சரி பண்ணிடலாம் சார். ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் பண்ணுங்க.”

“ஸ்டார்ட் பட்டன் இல்லம்மா. இது லினக்ஸு.”

“ஓகே சார். லினக்ஸை க்ளோஸ் பண்ணிட்டு ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் பண்ணுங்க.”

“அதை க்ளோஸ் பண்ணுனா கம்ப்யூட்டரே நின்னுடும்மா.”

“ஓகே சார். நின்னதும் ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் பண்ணுங்க.”

அடுத்த தடவை அவன் பொய் சொல்லிப் பார்த்தான். வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளைகளைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு, சொல்லத் தெரியவில்லை. “கிளிக் பண்ணிட்டேம்மா” என்றான். “என்ன தெரியுது சார்?” என்று கேட்டாள் அந்தப் பெண். “எல்லாம் தெரியுது” என்றான். “எல்லாம்னா, மேலேர்ந்து படிங்க சார்” என்றாள். முத்துவேல் தன் தமிழ் மெனுவையே மேலிருந்து படித்தான். “சார், உங்ககிட்ட ஸ்டார்ட் பட்டன் இல்ல” என்று அவள், டிக்கெட் இல்லாதவனைப் பிடித்த செக்கர் குரலில் சொல்லிவிட்டு, புகாரைப் பெரம்பலூர் அலுவலகத்துக்குத் தள்ளிவிட்டாள்.

பெரம்பலூரிலிருந்து வந்தவர் சின்னதுரை. கழகத்தின் களப்பணியாளர், கம்பம் ஏறுவதில் கெட்டிக்காரர். ஷூவைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து, திரையைக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். மலர்கொடியின் தையல் மெஷினுக்குப் பின்னாலும் பார்த்தார்.

“எதைத் தேடுறீங்க?”

“பட்டனைத்தான் சார். எல்லா வூட்டுலயும் இடது கைப் பக்கம் மூலையில பச்சையா இருக்கும்.”

“மோடத்தைப் பாருங்களேன். அது மாத்துனதுலேர்ந்துதான் இப்பிடி.”

“மோடத்துல வெளக்கு எரியுது சார். வெளக்கு எரிஞ்சா மோடம் நல்லாருக்குன்னு அர்த்தம்.” அவர் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். “என்மேல வருத்தப்படாதீங்க. இதுல முதக் கேள்வியே ஸ்டார்ட் பட்டன் இருக்கா, இல்லையா? இருக்குன்னா அடுத்த கேள்விக்குப் போகலாம். இல்லைன்னா இங்க கீழ வரணும். கீழ ‘கம்ப்யூட்டர் இல்லை’ன்னு ஒரு கட்டம்தான் போட்டிருக்கு. நான் என்ன பண்ணட்டும்?”

அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, அதே மேசை மேல் வைத்தே முத்துவேலிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்.

கழகத்தின் பெரம்பலூர் உதவிப் பொறியாளர் பஞ்சநாதன் மிகவும் மரியாதையான மனிதர். முத்துவேலை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அப்புறம்தான் அடிமடியில் கை வைத்தார்.

“கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கு இன்டர்நெட் குடுத்தது எங்க தப்புங்க. மனசார ஒத்துக்கறேன். தப்பைத் திருத்தணும்னா கனெக்‌ஷனை எடுத்துடணும்.”

“சார், கம்ப்யூட்டர் இருக்கு சார். ஸ்டார்ட் பட்டன்தான் இல்ல.”

“அதை நீங்க சொன்னா போதுமா?”

வேறு யாருடைய கம்ப்யூட்டரையாவது கொண்டுவந்து செருகிக்கொள்ளட்டுமா என்று முத்துவேல் கேட்டான். ஓர் இணைப்புக்கு ஒரு கம்ப்யூட்டர், பதிவு செய்ததைத் தவிர வேறு எதில் செருகினாலும் இணைப்பு செத்துப்போகும் என்றார். இதிலேயே லினக்ஸை அழித்துவிட்டுப் பழையதைப் போட்டுக்கொள்கிறேன் என்று அவன் மானத்தை விட்டுக் கேட்டான். மனைவி வீட்டுக்கு வர வேண்டும் என்றால் மனுஷன் எதைத்தான் விடமாட்டான்? “குணம் மாறுன கம்ப்யூட்டர் புதுக் கம்ப்யூட்டர்தாங்க. புது விண்ணப்பம் போடணும். ஐப்பசிக்கு மேல பாக்கலாம்” என்றார் பஞ்சநாதன். கடைசியில் அவரே ஒரு வழியும் சொன்னார். கம்ப்யூட்டர் உண்டு, அதில் ஸ்டார்ட் பட்டன் இயற்கையாகவே இல்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி வந்தால், கோப்பை அரியலூருக்கு அனுப்பலாம்.

“ஏன் சார் அரியலூருக்கு? வீடு இங்கதானே இருக்கு.”

பஞ்சநாதன் பொறுமையாக விளக்கினார். முன்பு ஒருமுறை அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். கழகமும் பிரிந்தது. மறுவருடமே மாவட்டத்தைச் சேர்த்துவிட்டார்கள். கழகத்தைச் சேர்க்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. இப்போது வயர் பெரம்பலூருக்குச் சொந்தம், வயருக்குள் ஓடுவது அரியலூருக்குச் சொந்தம். “மறுபடியும் பிரிக்கப்போறாங்கன்னு பேச்சு இருக்கு. அப்ப நாங்க மட்டும் ரெடியா இருப்போம்” என்று பெருமையாகச் சொன்னார்.

கிராம நிர்வாக அலுவலர் செல்லமுத்து முதலில் தயங்கினார். “இருக்கறதுக்குத்தான் சார் சான்று குடுப்போம்” என்றார். பிறகு யோசித்துப் பார்த்து, “நெலம் இல்லைன்னு குடுத்திருக்கேன். மறுகல்யாணம் பண்ணலைன்னு குடுத்திருக்கேன். பட்டன் இல்லைன்னு குடுத்தா என்ன?” என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். பக்கத்து வீட்டு சாந்தாக்காவும் எதிர்வீட்டு ஜெயலட்சுமியும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையை உற்றுப் பார்த்தார்கள்.

“இத்தினி நாளா பட்டன் இல்லாமலா வச்சிருந்தீங்க தம்பி?” என்று சாந்தாக்கா ஆற்றாமைப்பட்டார். “வாங்குன கையோட கடைக்காரன்கிட்ட மாத்திக் கேட்டிருக்க வேணாம்?”

செல்லமுத்து நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த முறையில் எழுதினார்: வடக்கே சுவர், தெற்கே தையல் மெஷின், கிழக்கே ஜன்னல், மேற்கே பீரோ, இந்த நான்கெல்லைக்குள் அமைந்த கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் பட்டன் மேற்படியாருக்கோ அவர் முன்னோருக்கோ எக்காலத்தும் பாத்தியப்பட்டு இருந்ததில்லை. முத்திரை குத்தினார். அது நல்ல முத்திரை, எழுத்தெல்லாம் தெளிவாக விழுந்தது.

சான்றிதழோடு முத்துவேல் அரியலூர் போனான். சுண்ணாம்புக்கல் லாரிகள் வழியை மறித்துக்கொண்டு போக, பஸ் ஊர்ந்தது. ஒரு பக்கம் திறப்பதற்கு ஒரு மனிதன் இத்தனை பேர் முகத்தையா பார்க்க வேண்டும்?

கோட்டப் பொறியாளர் சவரிமுத்துவின் மேசையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குப் பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் ஒரு துண்டு. அவன் பார்ப்பதைக் கவனித்த சவரிமுத்து சிரித்தார்.

“நான் தொடறதே இல்லைங்க. அதிகாரின்னா நடுநிலையா இருக்கணும். தொட்டுப் பழகிட்டோம்னா அது சொல்றது சரின்னு பட ஆரம்பிச்சுடும்.”

முத்துவேல் விஷயத்தைச் சொன்னான். பட்டனைப் பற்றி மட்டும் அல்லாமல் மலர்கொடியைப் பற்றியும், நாலு பஸ்ஸைப் பற்றியும், ஆடிக் கடைசி வெள்ளியைப் பற்றியும் சொன்னான். சவரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அது நிஜமான கலக்கம்தான்.

“எனக்குத் தெரியாதாங்க அந்தக் கஷ்டம்? என் குடும்பம் திண்டுக்கல்ல. நான் இங்க ஓட்டல் சோறு. மாறுதல் கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. ‘உங்க கோட்டத்துல ஏதாவது சாதனை பண்ணிக் காட்டுங்க, பாக்கலாம்’ங்கறாங்க மேல. இங்க எங்கேர்ந்துங்க சாதனை வரும்? புகார் குடுக்கறவன் கொஞ்ச நாள்ல அலுத்துப்போயி வுட்டுடறான். அதுவா சரியாயிடுது. நாங்க சரி பண்றதுக்குன்னு ஒண்ணும் மிஞ்சறதே இல்ல.” அவர் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மறுபடியும் படித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. “ஸ்டார்ட் பட்டன் இல்லாத கம்ப்யூட்டர்! தமிழ்நாட்டுலயே முதல் தடவையா நம்ம கோட்டத்துல! முத்துவேல் சார், நானே நேர்ல வரேன்.”

“நாளைக்கே வாங்க சார்.”

“நாளைக்கா? போட்டோகிராபர் வேணும், பேனர் அடிக்கணும். ஆடிக் கடைசி வெள்ளி வரேன். நல்ல நாள்.”

முத்துவேல் கெஞ்சினான். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்று மறுபடியும் சொன்னான். “அப்ப கரெக்டா வந்துடறோம்” என்று தோளில் தட்டினார் சவரிமுத்து.

இவ்வளவுக்கும் நடுவில் அவன் சும்மா இருக்கவில்லை. லினக்ஸ்காரர்கள் மெயிலில் கூடிப் பேசும் குழு ஒன்றில் தன் கதையை எழுதிப் போட்டிருந்தான். ஒருவர், கையேட்டைப் படிக்காமல் கேள்வி கேட்கும் இன்றைய தலைமுறையைக் கண்டித்தார். இன்னும் இரண்டு பேர் எந்த லினக்ஸ் உசத்தி என்று ஆரம்பித்து, குடும்பத்தை இழுத்துத் திட்டிக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில்தான் கோயம்புத்தூரிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் நாலே வரி எழுதியிருந்தார். உங்கள் பிரவுசர், முதலில் புது மாதிரி முகவரி ஒன்றைக் கேட்கிறது. மோடத்துக்கு அது தெரியாது. தெரியாது என்றால் தெரியாது என்று சொல்ல வேண்டும். இந்த மோடம் பதிலே சொல்லாமல் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பிரவுசர் பாவம், காத்துக்கொண்டே இருக்கும். அமைப்பில் இந்த ஒரு வரியை மாற்றி, அந்தக் கேள்வியையே கேட்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. முத்துவேல் மாற்றினான். பக்கம் திறந்தது.

அவன் நாற்காலியிலிருந்து எழுந்து, திரும்ப உட்கார்ந்து, மறுபடி எழுந்தான். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு மலர்கொடிக்குப் போன் அடித்தான்; சிக்னல் இல்லை, ஓர் எஸ்.எம்.எஸ். போட்டு வைத்தான். அவள் பள்ளிக்கூடத்து வேலைகளை முடித்துக்கொண்டு தொட்டி மேல் ஏறிக் கூப்பிடுவதற்கு மதியம் ஆகிவிட்டது.

“மலரு, தொறந்துடுச்சு!”

“நெசமாவா? சும்மா சொல்லாதீங்க.”

“உன் பேரு, ஊரு எல்லாம் கேக்குது. சொல்லு, சொல்லு.”

அவள் காற்றிரைச்சலுக்கு நடுவே பணியில் சேர்ந்த தேதியை, பள்ளியின் குறியீட்டை, எல்லாவற்றையும் கத்திக் கத்திச் சொன்னாள். இவன் தட்டினான். கடைசிப் பக்கத்தில் பரிமளா டீச்சரின் பணி எண்ணைக் கேட்டது. போனை மேசை மேல் வைத்துவிட்டு, அதை எழுதி வைத்திருந்த சீட்டை எடுக்க உள்ளறைக்குப் போனான். எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் அவன் நாற்காலியில் பஞ்சநாதன் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் ஜீப் நின்றது. காலையிலேயே வந்திருப்பார்களாம், ராகு காலம் முடியக் காத்திருந்தார்களாம். சவரிமுத்துவுக்கு ராகு காலம் கிடையாது, கழகத்து ஜீப்புக்கு உண்டு. அப்புறம் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. சின்னதுரையும் போட்டோகிராபரும் ஜன்னலில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“என்னங்க இது?” என்றார் பஞ்சநாதன், திரையைப் பார்த்து அதிர்ந்துபோய். “பக்கம் தொறந்திருக்கு!”

“ஆமா சார். காலையில நானே சரி பண்ணிட்டேன். எந்திரிங்க சார், ஒரே ஒரு நம்பர் அடிச்சு அனுப்பணும்.”

சவரிமுத்துவின் முகம் கறுத்தது. கல்யாணத்துக்கு வந்து, பெண் ஏற்கெனவே புருஷன் வீட்டில் இருக்கக் கண்டவர் போல நின்றார்.

“நீங்க சரி பண்ணக் கூடாதுங்க” என்றார் வருத்தமாக. “பழுதுன்னு கழகத்துல பதிவாயிருக்கு. கழகம் சரி பண்ணாத வரைக்கும் அது பழுதுதான். பழுதான கனெக்‌ஷன்லேர்ந்து விண்ணப்பம் போனா அது செல்லுமா? நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா உங்க சம்சாரம் நடுத்தெருவுல நிக்கணும். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன். பழுதை எடுத்த எடத்துல திரும்ப வைங்க. முறைப்படி நாங்க நீக்கித் தரோம்.”

“பழுதைத் திரும்ப வைக்கறதா?”

“இல்லைன்னா பொய்ப் புகார் ஆயிடும். பொய்ப் புகாருக்கு கனெக்‌ஷனை அப்பவே வெட்டணும்னு விதி. என் கை கட்டிக் கெடக்குதுங்க.” கட்டிக் கிடந்த கையை அவர் ஜன்னல் பக்கம் நீட்டினார். சின்னதுரை கம்பத்தில் பாதி ஏறியிருந்தார். கையில் கட்டிங் பிளேயர் இருந்தது.

மேசை மேலிருந்த போனிலிருந்து குரல் வந்தது. “ஏங்க, அனுப்பிட்டீங்களா?”

சவரிமுத்து குனிந்து போனிடம் அன்பாகச் சொன்னார்: “கொஞ்சம் பொறும்மா. உங்க வூட்டுப் பழுதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்.”

முத்துவேல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், கம்பத்தைப் பார்த்தான். வார்த்தையைத் திரும்ப மாற்றி வைத்தான். நிரப்பிய பக்கமெல்லாம் போய், ‘தேடுகிறது’ என்று வந்தது. பஞ்சநாதன் கைதட்டினார். அப்புறம் சவரிமுத்து போட்டோகிராபரைப் பார்த்து நின்றுகொண்டு பேசினார். இணைப்பில்லாதவனை இணைப்பதே கழகத்தின் லட்சியம் என்றார். வாடிக்கையாளர் வீட்டு வாசல் வரை வந்து பழுதை நேருக்கு நேர் சந்திக்கும் துணிவு வேறு எந்தக் கோட்டத்துக்கும் இல்லை என்றார். பேச்சு நீண்டது. முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து பச்சை நிற ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தார். ‘ஸ்டார்ட்’ என்று அச்சடித்திருந்தது, பக்கத்தில் கழகத்தின் சின்னம். எச்சில் தொட்டு, திரையின் இடது கீழ் மூலையில் ஒட்டினார். போட்டோ பளிச்சிட்டது.

“இனிமே யார் கேட்டாலும் தைரியமா ‘இருக்கு’ன்னு சொல்லுங்க.”

“சார், இன்னும் பக்கம் தொறக்கல. பாருங்க, தேடிக்கிட்டே இருக்கு. நான் சரி பண்ணிக்கறேன், எல்லாரும் கெளம்புங்க சார்!” முத்துவேல் கிட்டத்தட்டக் கத்தினான்.

“நாங்கதான் சரி பண்ணிட்டமே, அப்புறம் நீங்க எதுக்குப் பண்ணணும்?” என்றார் சவரிமுத்து. “சின்னதுரை, அந்த மோடத்தைக் கழட்டு. பாராட்டு விழாவுல காட்சிக்கு வைக்கணும்.”

மோடத்தை மடியில் வைத்துக்கொண்டு சின்னதுரை ஜீப்பில் ஏறினார். முத்துவேல் தன் மொபெட்டில் பின்னாலேயே துரத்தினான். பாலக்கரை டீக்கடையில் ஜீப்பைப் பிடித்துவிட்டான். பாதி வடையோடு திரும்பிய சவரிமுத்து, “இப்பிடி நடுரோட்டுல குடுத்தா உங்களுக்கு மரியாதையா? மேடையில வச்சுக் குடுக்கறோம்” என்றார். டீக்கடை ரேடியோ ஐந்து மணிச் செய்தியை ஆரம்பித்தது. முத்துவேல் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். தொட்டி மேல் மலர்கொடி இருட்டும் வரைக்கும் நின்றிருந்தாள் என்பது அவனுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

பரிமளா டீச்சர் நல்ல மனுஷி. வருத்தத்தோடுதான் வேறு ஜோடி தேடிக்கொண்டார். நேரத்தோடு விண்ணப்பம் போட்டும் ஜோடி அமையாமல் தருமபுரிப் பக்கம் அரூரில் நின்ற ஒருத்தி வந்து எறையூரில் சேர்ந்துவிட்டாள்.

பாராட்டு விழா அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மோடத்துக்காக முத்துவேல் போனான். மேடையில் மோடத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். திருச்சியிலிருந்து வந்த பெரிய அதிகாரி, முதன்முதலாக ஸ்டார்ட் பட்டன் இல்லாத கம்ப்யூட்டருக்கு ஸ்டார்ட் பட்டன் வழங்கிய சாதனைக்காகச் சவரிமுத்துவுக்குச் சால்வை போர்த்தி, கையோடு திண்டுக்கல் மாறுதல் உத்தரவையும் கொடுத்தார். சவரிமுத்து மைக்கைப் பிடித்து அழுதுவிட்டார். “பிரிஞ்ச குடும்பத்தைச் சேத்து வைக்கறதுதாங்க அகலக்கற்றையோட அர்த்தம்! அதுக்கு நானே சாட்சி!” கூட்டம் கைதட்டியது. முத்துவேலுக்கு மோடத்தோடு ஒரு எவர்சில்வர் டம்ளரும் கொடுத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலர்கொடி ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முத்துவேல் மோடத்தை மாட்டி, அந்த ஒரு வார்த்தையை மாற்றியிருந்தான். எல்லாப் பக்கமும் திறந்தது, திறந்து என்ன ஆக வேண்டும். வீட்டுப் போன் அடித்தது.

“வணக்கம், அகலக்கற்றைக் கழகம். உங்கள் பழுது நீக்கப்பட்டது. எங்கள் சேவையில் உங்களுக்குத் திருப்தி என்றால் ஒன்றை அழுத்தவும். மிகுந்த திருப்தி என்றால் இரண்டை அழுத்தவும்.”

முத்துவேல் கொஞ்ச நேரம் காத்திருந்தான். மூன்று என்று ஒன்று வரவில்லை. ரிசீவரை வைத்தான். உடனே திரும்ப அடித்தது. பதில் கிடைக்கும் வரை அழைப்பு தொடரும் என்றது அந்தக் குரல். மறுபடியும் வைத்தான், மறுபடியும் அடித்தது.

“அமுக்க மாட்டேன்” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. “செத்தாலும் அமுக்க மாட்டேன் மலரு. எத்தனை நாள் வேணா அடிக்கட்டும்.”

போன் அடித்துக்கொண்டே இருந்தது. மலர்கொடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரை மூலையில் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் வந்து ரிசீவரை எடுத்தாள். இரண்டை அழுத்தினாள்.

“நன்றி” என்றது குரல்.

“வாங்க” என்றாள் அவள் முத்துவேலிடம். “ஆத்தூர் பஸ்ஸு போயிடும்.”